தோலுக்கோர் எண்ணெய், அச்சுக்கோர் எண்ணெய்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

இராணிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றுக்குள் ஒருமுறையேனும் சென்று வந்தவர்கள் இதை அறிவர். அங்கே ஆளுயர மர டிரம்கள் உருண்டுகொண்டிருக்கும். சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, குரோம் ஏறி நீலம் பாய்ந்த தோல் அவற்றுக்குள் புரளும். அத்தோலுக்கு எண்ணெய் ஊட்டும் கட்டம் வரும்போது டிரம் அருகே நிற்கும் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கையுறைக்குப் போகும் தோலா, காலணியின் மேல்தோலா, கைப்பைக்கு உரியதா என்று கேட்டறியாமல் அவர் எண்ணெய் வாளியைத் தொடமாட்டார். கையுறைத் தோலுக்கு வேண்டிய அளவைக் காலணித் தோலுக்கு ஊட்டினால் அது தொளதொளத்துப் போகும். குறைத்து ஊட்டினால் காய்ந்ததும் விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு நாட்டு முறையில் பதனிட்ட காலத்திலும் புங்க எண்ணெயை எந்தப் பக்கம், எந்த ஈரத்தில் தடவுவது என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. நம் பாட்டன்மார் படித்த பட்டம் அதுதான்.

அதே தொழிற்சாலையின் வாயிலில் ஒரு வண்டி நிற்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கக் கூடியது. பின் அச்சில், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றது இழுக்குமாறு அமைந்த சிறப்பு டிஃபரன்ஷியல் உடையது. அதன் உரிமையாளரை அணுகி, "கிரவுனுக்கு என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "தொண்ணூறு ஆயில்தான். எல்லா வண்டிக்கும் அதுதானே!" என்பார். தோலுக்கு ஒன்பது கேள்வி கேட்கிற ஊரில் அச்சுக்கு ஒரு கேள்விகூட இல்லை. இது தவறு என்பதும், இத்தவற்றைத் திருத்துவதில் கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு என்பதும் என் கருத்து.

"ஆண்டு மலரில் கியர் எண்ணெய்க்கு என்ன வேலை?" என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நிலவையும் தென்றலையும் பாடும் கவிதைகள் இம்மலரில் நிறையவே இருக்கும். அவற்றின் நடுவே சற்றே கிரீஸ் வாடை வீசினால் பொறுத்தருள வேண்டுகிறேன். நம் வகுப்புகளில் அமர்ந்திருப்போரில் எத்தனை பேருடைய தந்தையர் லாரியும் வேனும் ஓட்டிக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வாடை அந்நியமாகத் தோன்றாது.

முதலில் டிஃபரன்ஷியல் என்பது யாது என்று பார்ப்போம். களத்தில் போரடிக்கும் மாடுகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. பிணையல் மாடுகள் வட்டம் சுற்றும்போது நடுக்கம்பத்தை ஒட்டிய மாடு நின்ற இடத்திலேயே திரும்புவது போல் மெல்ல நடக்கும். வெளி ஓரத்து மாடு ஓட்டமும் நடையுமாகச் சுற்றும். வண்டி வளைவில் திரும்பும்போது இரு பின் சக்கரங்களின் நிலையும் இதுவே. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்யும் பல்சக்கர அமைப்புக்குப் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் பெக்கூர் என்பவர் 1827-இல் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதன் பின் அச்சு பிறந்துவிட்டது!

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. இரு சக்கரங்களுக்கும் இழுவிசையை இது சரிபாதியாகவே பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கி, பிடிமானம் இன்றிச் சுழலும்போது அதற்குத் தேவைப்படும் விசை மிகச் சிறிது. மறு சக்கரத்துக்கும் அந்தச் சிறிதளவே கிடைக்கும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்க, சேற்றில் நிற்கும் சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறிக்கும். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சாலையில் இக்காட்சியை நாம் காணாத நாளில்லை.

இக்குறையைப் போக்க எழுந்ததே வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல். 1930களில் போர்ஷே வடிவமைத்த பந்தயக் கார்களில் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றதால் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் இதற்கொரு தீர்வு கண்டது. 1956-இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் இது பொதுமக்களின் கைக்கு வந்தது. நம் நாட்டில் 2012-இல் வெளிவந்த டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டியின் சில வகைகளில் இது இருந்தது. மகிந்திரா தார் 2015-இல் புதுப்பிக்கப்பட்டபோது அதன் பின் அச்சில் ஈட்டன் நிறுவனத்தின் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இடம் பெற்றது. அவற்றில் பல இன்று இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் வந்து நம் பட்டறைகளில் நிற்கின்றன. சிக்கலும் அங்குதான் தொடங்குகிறது. புதிய வண்டியை ஏஜென்சிக்காரர் பார்த்துக்கொள்வார். கையேடு தொலைந்துபோன பழைய வண்டியை யார் பார்ப்பது?

"வழுக்காத டிஃபரன்ஷியல்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டிவிட்டாலும் உள்ளே இருப்பவை வெவ்வேறு. தட்டு வகையில் பக்கத்துப் பல்சக்கரத்தோடு சுழலும் தட்டுகளும், வெளிக்கூட்டோடு சுழலும் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இழுவை கூடும்போது இவ்வடுக்கு நெருக்கி, இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிடிக்கும். பல்சக்கர வகையில் தட்டுகளே இல்லை. சாய்ந்த பற்களின் நெருக்கத்தாலேயே பிடிமானம் கிடைக்கும். அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன் அமைப்பு இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஈட்டன் செய்வது போன்ற பூட்டு வகையில் இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றுகளைத் தாண்டினால் சிறு எடைகள் வெளியே விரிந்து, ஒரு கொக்கியில் மாட்டி, பூட்டை விழச் செய்யும். இவை போக, டிப்பர் லாரிகளில் ஓட்டுநர் தாமே விசையைத் தட்டிப் பூட்டும் 'லாக்' வேறு இருக்கிறது; அதில் பல்லும் பல்லும் கோத்துக்கொள்வதால் உராயும் தட்டுக்கு வேலையில்லை.

இவற்றில் எண்ணெயை நம்பியே வாழ்வது தட்டு வகை. இதை விளக்க வகுப்பறைக் கரும்பலகையைக் காட்டிலும் சிறந்த சாதனம் இல்லை. சுண்ணக்கட்டியை நேராகப் பிடித்து எழுதும்போது சில வேளைகளில் 'கிரீச்' என்று பல் கூசும் ஒலி எழுமே, அது ஏன்? சுண்ணக்கட்டி பலகையில் ஒரு கணம் ஒட்டி நிற்கிறது, கை தள்ளவே திடீரென்று வழுக்குகிறது, மீண்டும் ஒட்டுகிறது. நிற்கும்போதுள்ள உராய்வு, நகரும்போதுள்ள உராய்வை விட மிகுதியாக இருந்தால் இப்படித்தான் நிகழும். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று நாம் துணைப்பாடத்தில் எழுதி மதிப்பெண் பெற்றது இதையே. வண்டி வளைவில் திரும்பும்போது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மெதுவாக வழுக்கியாக வேண்டும். சாதாரண எண்ணெயில் அவை ஒட்டி, விட்டு, ஒட்டி, விட்டு நகரும். கரும்பலகையின் கிரீச்சொலி இங்கே கடகடவென்ற நடுக்கமாக அச்சு முழுவதும் பரவுகிறது.

இதற்கு மருந்தாக எண்ணெயில் சேர்க்கப்படுவது உராய்வு மாற்றி என்னும் பொருள். பட்டறைகளில் 'அடிட்டிவ்' என்று பொதுப்படச் சொல்வார்கள். இதன் மூலக்கூறு ஒரு நீண்ட ஹைட்ரோகார்பன் வாலும், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் தலையும் உடையது. தலைகள் தட்டின் மேல் ஒட்ட, வால்கள் நெற்பயிர் போல் நெருக்கமாக நிற்கும். தட்டுகள் நகரத் தொடங்கும் கணத்தில் இவ்வால்கள் மெத்தை போல் உதவுகின்றன, நிலை உராய்வு குறைகிறது, நடுக்கம் அடங்குகிறது. மருந்து மிகுந்தால் தட்டுகள் பிடிக்கவே பிடிக்காமல் போகும். அப்போது சிறப்பு டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்த பணம் சேற்றில் போட்ட பணம்தான்.

இவ்விடத்தில் என் தாய்மாமாவின் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் பலாவும் ஏற்றி ஆற்காட்டுக்கும் இராணிப்பேட்டைக்கும் கொண்டு வருபவர். சில ஆண்டுகளுக்கு முன் நான்கு சக்கர இழுவை வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். வாங்கிய சில மாதங்களில் எல்லா எண்ணெயையும் மாற்றினார். அதன்பின் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் பின்பகுதி பேய் பிடித்தாற்போல் உதறத் தொடங்கியது. இறக்கத்தில், சரக்கோடு, ஒரு பக்கம் பள்ளம் இருக்கும் சாலையில் அச்சு உதறினால் ஓட்டுபவர் நெஞ்சு என்ன பாடுபடும்! அவர் ஒரு பட்டறையில் காட்டினார். "கூட்டையே மாற்ற வேண்டும்" என்று சொல்லி, அவர் வாங்கியிருந்த கடனில் பாதியளவு தொகையைக் கேட்டார்கள். அத்தை தம் வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்ததை நான் பார்த்தேன்.

வளையல் அடகுக்கடை செல்லவில்லை. இடையில் மாமா, பழைய ஜீப்புகளையே ஆயுள் முழுதும் கழற்றி மாட்டிய முதியவர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். ஊரார் அவரைப் 'பாய்' என்று மட்டுமே அழைப்பர். அவர் வண்டிக்கு அடியில் போகும் முன் கேட்ட முதல் கேள்வி: "என்ன ஆயில் ஊத்தினீங்க, தம்பி?"

"எல்லாரும் ஊத்துற தொண்ணூறுதான், பாய்."

"எல்லாரும் கட்டுற பொண்ணையா நீங்க கட்டினீங்க?"

மாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பாய் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் திருப்பினார். மறு சக்கரமும் அதே திசையில் திரும்பியது. "தட்டு இருக்கு" என்றார். சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் மறு சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும். எதிரே திரும்பினால் உள்ளே சிறப்பு அமைப்பு இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பூட்டு வகையும், தேய்ந்துபோன தட்டு வகையும், பல்சக்கர வகையில் சிலவும் அவ்வாறே திரும்பும். ஆனால் ஒரே திசையில் திரும்பியது என்றால் தட்டு வகை என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். பாய் பழைய எண்ணெயை வடித்து, எல்.எஸ். என்று குறியிட்ட எண்ணெயை ஊற்றினார். பிறகு பட்டறைக்கு எதிரே இருந்த காலி மனையில் எட்டு எழுத்துப் போல் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக வண்டியைச் சுற்றச் சொன்னார். தட்டுகளின் இடுக்கில் புது எண்ணெய் நுழைவதற்காகவாம். நான்காம் சுற்றிலேயே உதறல் குறைந்தது. மறுவாரம் மலையிறங்கும்போது இல்லவே இல்லை.

பாய்க்கு இதைக் கற்பித்தது எந்தக் கல்லூரியும் அன்று. எனினும் அவருக்குத் தெரிந்தது நம் பாடத்திட்டத்தில் இருக்கும் வேதியியலே என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. இன்னும் ஒரு வியப்பு உண்டு. எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய் ஒரு காலத்தில் தோலுக்கும் போயிற்று, அச்சுக்கும் போயிற்று. கந்தக அமிலத்தால் பக்குவம் செய்த திமிங்கல எண்ணெய் நேர்த்தியான தோல்களுக்கு ஊட்டப்பட்டது. அதே திமிங்கல எண்ணெய் அமெரிக்காவில் கியர் எண்ணெய்களிலும் தட்டு வகை டிஃபரன்ஷியலுக்கான சேர்மங்களிலும் கலக்கப்பட்டது. 1970-இல் அமெரிக்க அரசு இத்திமிங்கலத்தை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தபின் இரு தொழில்களும் மாற்றுத் தேடி ஓடின. பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெய் அதற்கு ஒப்பானது என்று கண்டார்கள். திமிங்கலத்தின் தலையையும் பாலைச் செடியின் விதையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது மூலக்கூறின் அமைப்பு. சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலுக்கான எண்ணெய்களை ஆராய்ந்து வருவதை நாம் அறிவோம். அச்சு எண்ணெய்க்கும் அடிப்படை அதே வேதியியல்தான் என்பதைத்தான் நாம் எண்ணுவதில்லை.

கந்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு ஊட்டும் எண்ணெயில் கந்தக அமிலம் சேர்வது, எண்ணெய் நீரோடு கலந்து தோலின் நாரிடையே புகுவதற்காக. அச்சு எண்ணெயில் கந்தகம் சேர்வதன் நோக்கமே வேறு. இன்றைய வண்டிகளின் கிரவுன் பினியன் ஹைபாய்டு வகையைச் சேர்ந்தது. பினியன், கிரவுனின் மையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளிப் பொருந்தியிருக்கும். இதனால் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று இழுபட்டு வழுக்கும். அந்த அழுத்தத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்து இரும்பும் இரும்பும் தொட்டுவிடும். தொட்ட இடம் சூடேறிய கணத்தில் எண்ணெயிலுள்ள கந்தகமும் பாஸ்பரசும் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய உறை ஒன்றைப் போர்த்திவிடுகின்றன. அவ்வுறை தேயும், மீண்டும் உண்டாகும். கிரவுன் எண்ணெயின் மூக்கைத் துளைக்கும் நாற்றம் இக்கந்தகத்தின் கைவண்ணம்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இவ்வலிமையை ஜி.எல். எண்களால் குறிக்கிறது. ஹைபாய்டு அச்சுக்கு வேண்டியது ஜி.எல்.5. ஜி.எல்.4-இல் இச்சேர்மங்கள் ஏறத்தாழப் பாதியளவே இருக்கும். அப்படியானால் எல்லா இடத்திலும் ஜி.எல்.5 ஊற்றிவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. கியர் பெட்டிக்குள் பித்தளை, வெண்கல வளையங்கள் உண்டு. கந்தகம் வீரியமாக உள்ள எண்ணெய் அவற்றை அரிக்கக்கூடும். ஒரே கேனைத் திறந்து கியர் பெட்டிக்கும் கிரவுனுக்கும் ஊற்றும் வழக்கம் நம் பட்டறைகளில் மலிந்திருக்கிறது. கையேடு அனுமதித்தாலொழிய இதைச் செய்யலாகாது.

தொண்ணூறு என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அது தரத்தின் எண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தடிமனின் எண் மட்டுமே. 100 டிகிரி செல்சியசில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை பாகுநிலை உள்ள கியர் எண்ணெய் 90. 24 முதல் 32.5 வரை உள்ளது 140. எஞ்சின் எண்ணெயின் எண்களோடு இவற்றை ஒப்பிடவே கூடாது. 90 எண் கியர் எண்ணெய், 40 அல்லது 50 எண் எஞ்சின் எண்ணெயின் தடிமன்தான். 80டபிள்யூ-90 என்பதில் உள்ள முன்பாதி குளிருக்கு உரியது. 80டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலும், 85டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 12 டிகிரியிலும் எண்ணெய் உறையாமல் அசைய வேண்டும் என்று பொருள். வேலூர் வெயிலில் வெந்து கிடக்கும் நமக்கு இந்த முன்பாதியைப் பற்றி என்ன கவலை? நாம் பார்க்க வேண்டியது பின்பாதி. மலைப்பாதையில் முழுச் சரக்கோடு ஏறும் வண்டிக்குச் சில கையேடுகள் 140-ஐச் சொல்லும். அப்படிச் சொல்லாத வண்டியில் கனமான எண்ணெய் நல்லது என்ற நாட்டு நம்பிக்கையில் 140 ஊற்றினால் டீசல் வீணாவதுதான் மிச்சம்.

ஆனால் 80டபிள்யூ-90, ஜி.எல்.5 என்ற இரண்டும் சரியாக இருந்தும் மாமாவின் வண்டி உதறியதே! அந்தக் கேனில் இல்லாதது எல்.எஸ். என்ற இரண்டெழுத்து. கேனின் முன்புறத்தில் பாயும் குதிரையோ பறக்கும் காரோ பெரிதாக இருக்கும். இவ்விரண்டெழுத்து பின்புறத்தில், எறும்பளவு ஆங்கிலத்தில் இருக்கும்.

இவ்வளவையும் படித்தபின் ஒருவர், "சரி, இனி எல்லா வண்டிக்கும் எல்.எஸ். எண்ணெயே ஊற்றிவிடலாம், விலை கூடினாலும் பரவாயில்லை" என்று சொல்வாரானால் அவருக்கும் நான் உடன்படமாட்டேன். நம் ஊரில் வளர்ந்துவரும் மறுமுனை மயக்கம் இது. கையில் பணம் புரளும் இளைஞர்கள் விலையுயர்ந்த செயற்கை எண்ணெயையும், அதற்கு மேல் ஒரு குப்பி அடிட்டிவையும் வாங்கி ஊற்றி வண்டியைச் சீராட்டுகிறார்கள். பல்சக்கர வகை, பற்களின் உராய்வாலேயே பிடிப்பது. அதில் உராய்வைக் குறைக்கும் பொருளைச் சேர்த்தால் அதன் பிடிமானத்தை நாமே பறிக்கிறோம். தன் பல்சக்கர வகைக்குச் சாதாரணக் கனிம எண்ணெயே ஏற்றது, அடிட்டிவ் வேண்டாம் என்பது ஈட்டன் நிறுவனத்தின் அறிவுரை. பூட்டு வகைக்கும் அடிட்டிவ் தேவையில்லை. தார் வண்டிக்கு ஆசையாக அடிட்டிவ் வாங்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே எது எதைத் தொடுகிறது என்று பார்த்தபின் விலையைப் பார்ப்பதே முறை. தோல் மேஸ்திரி கையுறையா காலணியா என்று கேட்பது போல், தட்டா பல்லா பூட்டா என்று நாம் கேட்க வேண்டும். கையேடு இருந்தால் அது சொல்லும். இல்லாவிட்டால் அச்சுக்கூட்டின் மூடியில் சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கிறதா என்று சேற்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பாலாற்றை ஒட்டி வாழும் நமக்கு இன்னோர் இடையூறும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இவ்வாறு, 2021 நவம்பரில் போலச் சில நாள்களில் கரை புரண்டு வரும். தரைப்பாலத்தில் ஓடும் நீரில் வண்டியை இறக்குவோர் பலர். நெடுந்தூரம் ஓடிச் சூடான அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. மூச்சுக் குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உள்ளே இழுக்கிறது. சில நாள் கழித்து லெவல் போல்ட்டைத் திறந்தால் எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். அந்த எண்ணெய் எந்தத் தரத்தினதாயினும் ஒரு நாளும் வைத்திருக்கத் தக்கதன்று. தட்டுகளும் தாங்குருளைகளும் துருப்பிடிக்க நீண்ட காலம் தேவையில்லை. வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் எஞ்சினைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாம் அச்சை மறந்துவிடுகிறோம்.

நாம் செய்யக்கூடியது என்ன? வேதியியல் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் சுவரொட்டிக் கண்காட்சி நடத்துகிறோம். அணுவின் அமைப்பையும் பென்சீன் வளையத்தையும் வரைந்து, பேராசிரியர்கள் பாராட்ட, மாலையில் சுருட்டி அலமாரியில் வைக்கிறோம். அடுத்த முறை நல்ல தமிழில் ஒரு பலகை எழுதி, நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் எண்ணெய்க் கடைகளுக்கும் கொடுப்போமே. ஜி.எல்.4 எதற்கு, ஜி.எல்.5 எதற்கு, எல்.எஸ். என்ற எழுத்துக்குப் பொருள் என்ன, எந்த வகைக்கு அது கூடாது என்பவற்றைக் கைப்பலகை அளவில் எழுதிவிடலாம். பட்டறைப் பையன்களில் பலர் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள்; தமிழில் எழுதியதைத் தெளிவாகப் படிப்பார்கள். அவர்களுடைய அறியாமையை நான் குறை கூறவில்லை. எறும்பளவு ஆங்கிலத்தில் எழுதி விற்பவர்களையும், அதைப் படிக்கத் தெரிந்தும் வாய் திறவாத நம்மையும்தான் குறை கூறுகிறேன். பாய் போன்றவர்களை ஒரு நாள் மன்றக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்தால் பலகையில் என்ன எழுதுவது என்று அவர்களே சொல்வார்கள். எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஒன்றை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. பாய் சொல்லிக் கேட்டதுதான். வடித்த பிறகு அது துருவேறிக் கழலாமல் போனால், வறண்ட அச்சோடு வண்டி பட்டறையிலேயே நிற்க வேண்டியதாகும்.

பலகையின் அடியில் இன்னொரு வரியும் வேண்டும். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1990களில் மூடப்பட்ட ஆலை ஒன்று விட்டுச் சென்ற குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் என்ன ஆயிற்று என்பதை இவ்வூரார்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது; உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே அது சேர வேண்டும். பாயின் பட்டறை மூலையில் இதற்கென ஒரு பழைய பீப்பாய் இருக்கிறது. மாமாவின் வண்டியிலிருந்து வடித்ததும் அதில்தான் போயிற்று.